பம்ளிமாஸ் தோல் அவித்த தண்ணீர்

பெக்டின் என்ற சொல்லை நான் முதன்முதலில் படித்தது ஈப்போவுக்குக் குடிவந்த பிறகுதான். புந்தோங்கில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்தில் வீட்டுத் தொழில்களைப் பற்றிய ஒரு பழைய புத்தகம் இருந்தது. சோப்பு, ஊதுவத்தி, மை, கடைசியில் ஜாம். பழத்தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பஞ்சிலும் கொட்டைகளிலும் பெக்டின் என்று ஒரு பொருள் இருக்கிறது, தண்ணீரில் வேகும்போது அது கரைந்து இறங்கும், சர்க்கரையும் புளிப்பும் போதிய அளவு சேர்ந்தால் ஆறியதும் உறைந்துவிடும் என்று எழுதியிருந்தது. எலுமிச்சை, நார்த்தை, பம்ளிமாஸ் வகைகளில் அது மிகுதி என்றும் இருந்தது. பொருளை நான் 1943இலேயே விரலால் தொட்டுப் பார்த்தவள். பெயர்தான் எனக்குப் பிந்திக் கிடைத்தது.

தேதிகளில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு என்பதால் முதலில் அதைச் சரிசெய்துகொள்கிறேன். நடந்தது சுபானு ஆண்டு ஆடி மாதக் கடைசி. இங்கிலீஷ் கணக்கில் 1943 ஆகஸ்ட். எங்களை எழுதச் சொன்ன ஜப்பான் கணக்கில் 2603. கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பங்களாவில் காலை ஏழு அடிக்கும்போது வெளியே இன்னும் இருட்டாக இருக்கும். அது வியாழக்கிழமை என்று சொன்னவர்கள் உண்டு. நான் வெள்ளி என்பதில் நிற்கிறேன். அன்று காலை எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கேழ்வரகு கிடைக்காமல் மரவள்ளி மாவில் காய்ச்சிய கூழ். வெள்ளி அல்லாத நாளில் அங்கே கூழ் ஊற்றியதில்லை.

தோட்டம் சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில், சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் இருந்தது. என் கணவர், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் குக்கு, சமையல்காரர். வெள்ளைக்கார துரை 1941 டிசம்பரில் சிங்கப்பூருக்கு ஓடியபோது பங்களாவைப் பூட்டிச் சாவியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு ஜப்பான் துரை வந்தார். சாவியைக் கொடுத்த கையோடு இவர் அவருக்கும் குக்கு ஆனார். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஓர் ஆண்டு முடியவில்லை. எனக்குப் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது.

1943 சித்திரையிலிருந்து சியாமுக்கு ஆள் எடுத்தார்கள். ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திரும்பலாம், அரிசி உண்டு என்றார்கள். முதலில் தாமாகப் போனவர்களும் உண்டு. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. பிறகு யாரும் தாமாகப் போகவில்லை, லோரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. கள்ளுக்கடை வாசலில் நின்றவர்களை, இலவசப் படம் பார்க்க வந்தவர்களை ஏற்றினார்கள். அதன் பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கேட்டு வந்தார்கள். பங்களா ஆட்களை மட்டும் துரை விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். தோட்டக்காரர் ஆனியில் போனார். கார் ஓட்டியவர், கார் பெட்ரோல் இல்லாமல் நின்றதும் போனார். மிஞ்சியது குக்கு. ஆக, என் கணவர் வீட்டில் இருப்பதும் சியாமுக்குப் போவதும் ஒரு மனிதரின் நாக்கில் இருந்தது.

அந்த நாக்குக்குப் பிடித்தது ஜாம். பழைய துரையின் அலமாரியில் சீமை ஜாம் டின்கள் இருந்தன. அதிலும் ஆரஞ்சுத் தோல் துண்டுகள் மிதக்கும் மர்மலேட். ஜப்பான் துரை மரவள்ளி ரொட்டியில் தினமும் ஒரு கரண்டி தடவிச் சாப்பிட்டார். கடைசி டின்னும் காலியானதும் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிராணியைக் கூப்பிட்டு அனுப்பினார். கிராணி எங்கள் தோட்டத்து ஆபீஸ்காரர், நிப்பொங்கோ என்ற ஜப்பான் மொழி வகுப்புக்குப் போய் நாலு வார்த்தை கற்றுக்கொண்டவர். துரைக்கும் எங்களுக்கும் நடுவில் வாய் அவர்தான். அன்று நடந்ததை என் கணவர் வீட்டுக்கு வந்து அப்படியே நடித்துக் காட்டினார்.

“இதே மாதிரி வேணுமாம்” என்றாராம் கிராணி.

“இது டின்னுல வந்ததுங்க ஐயா. நான் செஞ்சதில்ல.”

“தொரசானி கூட நின்னு ஜாம் கிண்டினேன்னு நீதானே பீத்திக்கிட்ட? நான் அத அவர்கிட்ட சொல்லிப்புட்டேன். இப்ப வந்து செஞ்சதில்லங்கிற.”

“கிண்டினேன். கட்ட வச்சது தொரசானி. ஒரு தூளு போடுவாங்க, சீமையிலேர்ந்து வரும். அது இல்லாம கட்டாதுங்க.”

“அப்ப அந்தத் தூளக் கண்டுபிடி. கட்டலன்னு அவர்கிட்ட போயி நான் சொல்ல முடியுமா?”

இதைச் சொல்லிவிட்டு என் கணவர் சிரித்தார். “வெள்ளக்காரன் ஓடுறப்ப துப்பாக்கியக்கூட விட்டுட்டுப் போனான் புள்ள. தூள மட்டும் மறக்காம தூக்கிக்கிட்டுப் போயிருக்கான் பாரு” என்றார். சிரிப்பு அவ்வளவோடு நின்றுபோயிற்று.

தூள் இல்லாமல் கட்டாது என்பதை எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. நாங்கள் ரப்பர்ப் பால் மரத்துக்காரர்கள். எங்களுக்கு உறைதல் என்றால் ஸ்டோரில் நடப்பது. பாலைத் தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலந்து, பலகை இறக்கினால் மறுநாள் ஷீட். ஆசிட் கப்பலில் வரும் சரக்கு. கோப்பையில் விட்ட பால் தானாகவும் கெட்டியாகும் என்பது வெட்டுக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது நாற்றக் கட்டி, கழிவு. நல்லதாக உறைய வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஒன்று வந்து சேர வேண்டும் என்பதே எங்கள் படிப்பு. பழத்துக்குள்ளேயே அது இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? “ஸ்டோருல ஆசிட் டிரம்மு சும்மாதானே கெடக்கு, அதுல ரெண்டு சொட்டு விடுங்க தம்பி, ஷீட்டாவே ஆயிடும், ரொட்டியில சுருட்டிச் சாப்பிடட்டும்” என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். அக்காவின் புருஷன் வைகாசியிலேயே சியாமுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் பேச்சு எல்லாமே இப்படித்தான் வந்தது.

என் கணவர் சைக்கிளில் ஈப்போவுக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினார். டயருக்குப் பதில் கித்தா என்கிற ரப்பர்க் குழாயை வெட்டிச் சுற்றிய சைக்கிள். சீமைச் சரக்குக் கடைகள் எல்லாம் வெற்று அலமாரிகளாக இருந்தன. தூள் என்ன தூள் என்று கேட்டால் இவருக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. “வெள்ளையா இருக்கும், ஒட்டும்” என்று சொல்லியிருக்கிறார். ஒரு சீனக் கடைக்காரர் கஞ்சிமாவைக் காட்டினார். இன்னொருவர் நார் நாராகக் கடற்பாசி கொடுத்தார், அகர் அகர்.

அகர் அகர் போட்டு, கொய்யாப் பழத்தில் முதல் ஜாம் செய்தார். நன்றாகக் கட்டியது, அதிகமாகவே கட்டியது. ஜப்பான் துரை கரண்டியை அழுத்தினார். துண்டாக வெட்டுப்பட்டது. அதைக் கரண்டியில் ஏந்தி ஆட்டிப் பார்த்துவிட்டு “கந்தென்” என்று சொல்லிச் சிரித்தார். சிரித்த முகத்தோடு எழுந்து வந்து இவரை அறைந்தார். அது அவர்கள் ஊர்ப் பண்டமாம். பிறந்ததிலிருந்து தின்ற பண்டத்தையே ஜாம் என்று சொல்லித் தன்னிடம் நீட்டுகிறாயா என்று கேட்டதாகக் கிராணி விளக்கினார். பிறகு துரை தம் சொந்த அலமாரியைத் திறந்து, பால் டின்னில் அளந்து சர்க்கரை கொடுத்தார். அவ்வளவு வெள்ளைச் சர்க்கரையை நான் ஓர் ஆண்டாகப் பார்த்ததில்லை.

“இதுதான் கடைசியாம்” என்றார் கிராணி. “வெள்ளிக்கிழம காலையில மேசையில இருக்கணும். சரியா வரலன்னா குக்கு வேணாங்கிறார். லோரியும் அன்னைக்குத்தான் வருது, அதயும் சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலன்னு சொல்லாத.”

மர்மலேட் போல வேண்டுமென்றால் ஆரஞ்சு வேண்டும். ஆரஞ்சு ஏது? தம்பூன் பக்கம் சீனர் தோட்டங்களில் பம்ளிமாஸ் பழுக்கத் தொடங்கியிருந்தது. என் கணவர் ஒரு மூட்டை மரவள்ளியைக் கட்டிக்கொண்டு போய், மாற்றாகப் பம்ளிமாஸ் வாங்கி வந்தார். வியாழக்கிழமை மதியம் எங்கள் லயத்து அடுப்பில் வேலை தொடங்கியது. பங்களா அடுப்பில் சர்க்கரை வைத்தால் எறும்புக்கு முன்னால் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

பம்ளிமாஸ் தோல் என்பது மேலே பச்சையாக ஒரு மெல்லிய தோல், அதன் அடியில் விரல் கனத்துக்கு வெள்ளைப் பஞ்சு. அவர் அதைக் கையில் எடுத்து முகர்ந்தார், ஒரு துண்டைக் கடித்தார், துப்பினார்.

“வெசமாக் கசக்குது.”

“நார்த்தங்காயும்தான் கசக்கும்” என்றேன்.

“அதத்தான் நெனச்சேன். கசப்ப எடுத்துட்டா ஆச்சு.”

நார்த்தங்காய்க்கு எங்கள் வீடுகளில் என்ன செய்வோமோ அதைச் செய்தார். தோலைச் சீவலாக நறுக்கி, தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடித்து, துணியில் முறுக்கிப் பிழிந்தார். மறுபடி தண்ணீர், மறுபடி கொதி, மறுபடி பிழி. ஒவ்வொரு முறையும் ஒரு சீவலை என் வாயில் வைத்து “இப்ப?” என்று கேட்டார். “இன்னும் இருக்கு மச்சான்” என்றேன். கடைசியில் கசப்பு துளிகூட இல்லை. சுளைகளிலிருந்த கொட்டைகளையும் கசப்பு என்று பொறுக்கி எடுத்துவிட்டார். வடித்த தண்ணீரும் கொட்டையும் ஒரே பேசினில் விழுந்தன. தண்ணீரை நாங்கள் பள்ளத்துக் குழாயிலிருந்து சுமந்து வந்ததால் எதையும் உடனே கொட்டமாட்டோம். பாத்திரம் அலசலாம் என்று பேசினைக் கதவோரம் தள்ளி வைத்தேன்.

பிறகு சுளைச் சாறு, பிழிந்த சீவல், சர்க்கரை எல்லாம் ஒன்றாக அடுப்பில் ஏறின. அக்கா வாசலில் வந்து நின்றாள்.

“வாசன ஊரத் தூக்குது. அங்க என் மனுசன் உப்புத் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கான். இங்க ஒம் புருஷன் சக்கரப் பாகு காச்சுறான்.”

“இது நமக்கா அக்கா? ஒரு சொட்டு வாயில வைக்க முடியாது” என்றேன்.

“வைக்கச் சொல்லல லா. மோந்து பாக்குறதுக்கும் ஜப்பான்காரன்கிட்ட கேக்கணுமா?”

அவள் போகவில்லை. நின்று முகர்ந்துகொண்டே இருந்தாள். அவர் கரண்டியைத் தூக்கித் தட்டில் சொட்டு விட்டுப் பார்த்தார். ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விட்டார். ஓடியது. நிறம் மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போயிற்று.

“தேன் மாதிரி இருக்கு மச்சான். நல்லாத்தான் இருக்கு.”

“தேனா கேட்டான் அவன்?”

இன்னும் காய்ச்சினால் தீய்ந்துபோகும் என்ற இடத்தில் இறக்கினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாட்டிலில் ஊற்றி, ஆறினால் கட்டலாம் என்று ஈரச் சாக்கில் சுற்றி வைத்தார். சட்டியைக்கூடக் கழுவவில்லை. அன்றைக்கு நாங்கள் இருவரும் மரவள்ளியைத் தின்றுவிட்டுப் படுத்தோம்.

விடிந்ததும் அவர் பாட்டிலைச் சாய்த்தார். உள்ளே இருந்தது அவசரமில்லாமல் ஒரு பக்கமாகச் சரிந்தது. மீண்டும் நிமிர்த்தி வைத்தார். பழைய துரை காலத்து வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான் ஒன்று இல்லாமல் இருந்தது. ஊசி எடுக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றார்.

“ருசி நல்லாருக்கு. ருசிக்காகவாச்சும் விட்டுருவான்.”

“விட்டுருவான்” என்று நானும் சொன்னேன்.

அவர் மேட்டுப் பாதையில் ஏறிப் போனதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். கோயில் பக்கம் கூழுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் போக மனம் வரவில்லை. சட்டியின் அடியிலும் ஓரத்திலும் பாகு தடித்து ஒட்டியிருந்தது. அவ்வளவு சர்க்கரையைக் கழுவிக் கொட்ட முடியுமா? தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் அவர் திரும்பி வரும்போது குடிக்க இனிப்பாக ஏதாவது இருக்கும். அவர் வெறும் வயிற்றோடு போயிருந்தார். குடத்தில் தண்ணீர் இல்லை. கதவோரப் பேசினை எடுத்தேன். தோல் அவித்த தண்ணீர் தண்ணீராக இல்லை. வெண்டைக்காய் வேகவைத்ததுபோலக் குழகுழவென்று, கொட்டைகளைச் சுற்றிச் சளிபோலக் கட்டியிருந்தது. கெட்டுவிட்டதோ என்று முகர்ந்தேன். பம்ளிமாஸ் வாசனைதான். கொட்டையை அரித்துவிட்டுச் சட்டியில் ஊற்றி அடுப்பை மூட்டினேன்.

அது நுரைத்துப் பொங்கியது. வற்றட்டும் என்று விட்டுவிட்டு வாசலில் நின்று மேட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கரண்டியைத் தூக்கியபோது, சொட்டுகள் தனித்தனியாக விழவில்லை. ஒன்றோடு ஒன்று சேர்ந்து தகடுபோலத் தொங்கி நின்று விழுந்தது. தட்டில் விழுந்ததை விரலால் தள்ளினேன். மேலே தோல் சுருங்கியது. ஒரு பால் டின்னில் ஊற்றிக் குழாயடிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரில் வைத்தேன். குடம் நிரம்பும் வரை நின்றேன். டின்னைச் சாய்த்தேன். அசையவில்லை. இன்னும் சாய்த்தேன். அது அப்படியே இருந்தது, உள்ளே வெளிச்சம் தெரிந்தது.

நக்கிப் பார்த்தேன். கசந்தது. சீமை ஜாமும் அடிநாக்கில் கசக்கும், அந்தக் கசப்புக்குத்தான் ஜப்பான் துரை கரண்டியை நக்குகிறார் என்று என் கணவர் ஒருமுறை சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கசப்பை எடுக்கிறேன் என்று கட்டுவதையும் சேர்த்துப் பிழிந்து எடுத்துவிட்டோம்.

குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு டின்னோடு ஓடினேன். ஸ்டோர் முன்னால் கிராணி மட்டும் நின்றுகொண்டிருந்தார். தரையில் லோரி சக்கரத் தடம் புதிதாக இருந்தது.

“ஐயா, கட்டிடுச்சு. பாருங்க. கட்டிடுச்சு.”

அவர் டின்னைப் பார்க்கவில்லை. “லோரி போயிடுச்சு புள்ள” என்றார்.

மேசையில் நடந்ததைப் பிறகு சொன்னார். துரை ருசி பார்க்கவே இல்லை. பாட்டிலைத் தட்டில் கவிழ்த்தார். அது தட்டு நிறைந்து மேசை விரிப்பில் வழிந்தது. அவர் கோபப்படவும் இல்லை. கையை அசைத்தார், அவ்வளவுதான். என் கணவர் அந்த வெள்ளைக் கோட்டோடு லோரியில் ஏறினார்.

“இத தொரகிட்ட காட்டுங்க. லோரி இன்னும் சிம்பாங் பூலாய் தாண்டியிருக்காது. ஆள் அனுப்பச் சொல்லுங்க.”

கிராணி என்னைப் பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பின்வாசலில் நின்றேன். ஜப்பான் துரை டின்னைச் சாய்த்துப் பார்த்தார், கரண்டியை விட்டார், வாயில் வைத்தார். கண்ணை மூடினார். மறுபடி எடுத்தார். கிராணி குனிந்தபடி ஏதோ பேசினார். துரை நீளமாக ஒன்று சொன்னார்.

“நல்லாருக்காம். நீ இங்க குசினிக்கு வரணுமாம். இதே மாதிரி செஞ்சுக்கிட்டு இருந்தா, சியாமுக்குச் சொல்லி அனுப்பி ஒன் புருஷனத் திருப்பிக் கூப்பிட்டுக்கலாங்கிறார்.”

நான் ஈப்போ ஸ்டேஷனுக்கு நடந்து போயிருக்கலாம். ரயில் சாயங்காலம்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அக்காவிடம் கேட்டேன். “போனா ஒன்னயும் ஏத்திப்பான்டி. கூப்பிடுறேன்னு சொல்லிருக்கான்ல, அதப் பிடிச்சுக்க” என்றாள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு ஆண்டு ஜாம் செய்தேன். பம்ளிமாஸ் முடிந்ததும் கொய்யா, கொய்யா இல்லாதபோது காட்டு எலுமிச்சை. கொட்டையைத் துணியில் முடிந்து கூடவே வேகவைக்கலாம் என்று கண்டுகொண்டேன். செங்காய் நன்றாகக் கட்டும், கனிந்தது கட்டாது என்று கண்டுகொண்டேன். தூள் என்ற ஒன்றே தேவைப்படவில்லை. இந்தச் சின்னச் சின்ன உண்மைகள் எல்லாம் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியவந்தபோது, சொல்லி மகிழ எனக்கு ஆள் இல்லை. ஒவ்வொரு முறை பாட்டில் மேசைக்குப் போனதும் கிராணியிடம் கேட்பேன்.

“சொல்லிட்டாராங்க ஐயா?”

“சொல்லிருக்கார். வேல நடந்துகிட்டு இருக்கு. சியாம் என்ன பக்கத்திலயா இருக்கு?”

தோட்டத்தில் பால் மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நட்டார்கள். லயத்தில் காலில் புண் வைக்காதவர்கள் குறைவு. காய்ச்சலில் போனவர்களைப் புதைக்கத் துணி இல்லாமல் சாக்கில் சுற்றினார்கள். எனக்குப் பங்களாவில் அரிசிக் கஞ்சி கிடைத்தது. கொஞ்சம் மறைத்து அக்காவின் பிள்ளைகளுக்குக் கொண்டுவருவேன். வாங்கிக்கொண்டே அக்கா கேட்பாள்:

“கட்டினவன அனுப்பினவனுக்கே ஊட்டி விடுறியே, ஒனக்குக் கை கூசலயாடி?”

“அவர் வரணும்ல அக்கா.”

“வருவான், வருவான். என் மனுசனும் அதே ரயில்லதான் வருவான், பாத்துக்கிட்டே இரு.”

1945இல் ஜப்பான்காரர் சரணடைந்தது எங்களுக்கு ஆவணி பிறந்து சில நாள் கழித்தே தெரிந்தது. ஜப்பான் துரை ஒரு நாள் காலையில் பெட்டியோடு இறங்கிப் போனார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மேசையில் பாதி ஜாம் இருந்தது.

கார்த்திகையில் சியாமிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் தோட்டத்துக்கு வந்தவர்களைக் கைவிரலில் எண்ணலாம். அக்காவின் புருஷன் அதில் இல்லை. என் கணவரோடு அதே லோரியில் ஏறிய ஒருவர் வந்தார். முன்பு கல்லுபோல இருந்தவர், இப்போது கழுத்துக்குக் கீழே கோல் கோலாக இருந்தார். அவர் லயத்து வாசலில் குந்தியதும் நான் தண்ணீர் கொடுத்துவிட்டு நின்றேன். அவரே தொடங்கினார்.

“தங்கச்சி, ஒன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு வழியெல்லாம் நெனச்சுக்கிட்டே வந்தேன்.”

“சொல்லுங்கண்ணே.”

“ஒன் வீட்டுக்காரர் வேலைக்கே போகல. ரயில விட்டு எறக்கி நடக்கவிட்டான் பாரு, காட்டுக்குள்ள, விடாத மழ. அந்த நடையிலயே வாந்திபேதி. ரெண்டு பேரா தூக்கிட்டு நடந்தோம். அப்புறம் தூக்க வேணாம்னு ஆயிடுச்சு.”

“எந்தக் கிழமண்ணே? எந்த மாசம்?”

“அங்க ஏது தங்கச்சி கிழம? நாங்க இங்கேர்ந்து போனதுமே. ஒரு மாசங்கூட இருக்காது.”

அவர் மேலும் ஏதோ சொன்னார், கோட்டு பற்றி. நான் கேட்கவில்லை. என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு மாதத்துக்குள் என்றால் ஆவணி முடிவதற்குள். அந்த ஆவணியில் தம்பூன் பழம் கொழுத்துக் கிடந்தது, நான் இரண்டாவது முறை ஜாம் செய்தேன், துரை நன்றாக இருக்கிறது என்றார், சொல்லி அனுப்பியிருப்பதாகக் கிராணி சொன்னார். அதற்குப் பிறகு செய்த ஒவ்வொரு பாட்டிலும் இல்லாத ஒருவரைத் திருப்பிக் கூப்பிடுவதற்காகச் செய்தது. எந்த நாள் என்று தெரியாததால் திதி கொடுக்க முடியவில்லை. ஐயர் மகாளய அமாவாசையில் கொடுத்துவிடச் சொன்னார். நாள் தெரியாதவர்கள் எல்லோருக்கும் அதுதானாம். அடுத்த புரட்டாசியில் ஈப்போவில் அப்படித் திதி கொடுக்க நின்றவர்களின் வரிசை மிக நீளமாக இருந்தது.

கிராணியிடம் ஒருமுறைதான் போனேன். ஆபீஸில் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

“அவர் சொல்லி அனுப்பினாருங்களா ஐயா, உண்மையாவே?”

அவர் நெடுநேரம் துணியை உதறினார். “யாருகிட்ட சொல்றது புள்ள? சியாம்ல எந்த மூலையில இருக்கான்னு அவருக்கும் தெரியாது, அனுப்புனவனுக்கும் தெரியாது.”

“அன்னைக்குச் சொன்னாருன்னு சொன்னீங்களே.”

“நல்லாருக்கு, தெனம் வேணும்னு சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்த நான் சேத்துக்கிட்டேன். நீ அங்க நின்ன நெலையில வேற என்னத்தச் சொல்ல?”

அவரை நான் ஏசவில்லை. அவருடைய தம்பியும் சியாமில்தான் போனான் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும்.

1946இல் வெள்ளைக்கார துரை திரும்பி வந்தார், பழையவர் அல்ல, வேறொருவர். அவர் மனைவியும் வந்தார். நாங்கள் பங்களாவைச் சுத்தம் செய்யப் போன இடத்தில் அந்த அம்மா அலமாரியில் இருந்த பாட்டிலைக் கண்டு, சாய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூஞ்சை மேலே மட்டும்தான் இருந்தது. யார் செய்தது என்று கேட்டார். கிராணி என்னைக் காட்டினார். தூள் எங்கே கிடைத்தது, இந்த ஊர்ப் பழத்தில் எப்படி இப்படிக் கட்டியது என்று அந்த அம்மா கேட்டார். மாதச் சம்பளத்தில் குசினியில் இருக்கிறாயா என்றும் கேட்டார். கிராணி தமிழில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. அது ஜப்பான்காரன் கொண்டாந்ததுன்னு சொல்லுங்க” என்றேன்.

அவர் அப்படியே சொன்னார். மறுநாள் விடியலில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய்ப் பால் வெட்டப் பெயர் கொடுத்தேன். மிஞ்சியிருந்த மரங்கள் பல ஆண்டாகக் கத்தி படாமல் பட்டை தடித்துக் கிடந்தன. எனக்கு வெட்டிப் பழக்கமும் இல்லை. முதல் நாள் என் கோப்பையில் விழுந்த பால் ஸ்டோருக்குக் கொண்டுபோகிற அளவுக்குத் தேறவில்லை.